மடுவத்து வளைவில் ஒரு கடவை

ஓய்வு பெற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம், என் இடத்துக்கு வீதி வேலைகளைப் பார்க்கும் ஓவசியராக வந்திருப்பவர் ஹட்டனிலுள்ள என் வீட்டுக்கு ஒரு வரைபடத்தோடு வந்தார். புதிதாக ஒரு பஸ் தரிப்பு அமைக்கப் போகிறார்களாம். வளைவிலிருந்து எத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

"அளவைப் பிறகு சொல்கிறேன். அங்கே வீதியைக் கடக்கிறவர்கள் தலையில் என்ன சுமந்து வருவார்கள்?" என்று கேட்டேன்.

அவர் விழித்தார். விழித்ததில் தவறில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்குப் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வேலையும், ஒரு பெண்ணின் தோள்பட்டை எலும்பும் தேவைப்பட்டன. நடந்ததைச் சொன்னேன். அப்படியே எழுதித் தரும்படி கேட்டார். அந்த ஆண்டு நாட்குறிப்பு மேசைமேல் திறந்திருக்கிறது. பக்கத்தைப் புரட்டும்போதே எழுந்து ஜீப்பில் ஏற வேண்டும் போலிருக்கிறது.

என் தகப்பனார் ஹட்டன் ரயில் நிலையத்தில் விளக்கு ஏற்றுபவராக இருந்தார். நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். தொழிலாளர் வரிசை வீடுகளான தோட்டத்து லயத்தில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. அளவைச் சங்கிலி பிடிப்பவனாக வேலைக்குச் சேர்ந்து, நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் வீதி ஓவசியர் ஆனேன். அடுத்த பத்தாண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை, மண்சரிவு, மதகு, மறுபடியும் மழை. வீதி என்றால் வாகனம் ஓடும் இடம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். நடப்பவர்கள் மழைநீர் ஓடும் கானோரமாக நடந்தார்கள். அவர்களுக்காக என்று ஒரு சாண் அகலம்கூட நாங்கள் வரைந்ததில்லை.

பஸ்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்த அடுத்த ஆண்டு, விஜேரத்ன என்ற இன்ஜினியர் எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்தார். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. பச்சைப் பென்சிலால் மட்டும் எழுதுவார். எங்கள் அறிக்கைகளை இடப்பக்கம் மட்டுமே எழுத வேண்டும், வலப்பக்கம் அவருக்கு. வேலை பிடித்திருந்தால் ஒரு சிறு பச்சைக் கோடு. பிடிக்காவிட்டால் கோடும் வராது, சொல்லும் வராது. சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துப் பென்சிலைச் சீவத் தொடங்குவார். பென்சில் சீவும் சத்தத்துக்கு நாங்கள் நடுங்கியதுபோல் எந்த வசவுக்கும் நடுங்கியதில்லை.

வந்த இரண்டாம் வாரமே ஜீப்பைக் கொட்டகலையில் நிறுத்திவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, ஹட்டன் வீதியில் ஒன்றரை மைல் என்னோடு நடந்தார். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நான்கு தடவை கானுக்குள் இறங்கினோம். நான்காம் தடவை ஏறும்போது சப்பாத்திலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "ஓவசியர், இந்த ஒன்றரை மைலை நடக்கிறவர்களுக்காகச் செய்து பார்ப்போம். நடைபாதை, கடவை, பஸ் தரிப்பு. முதலில் கடைத்தெரு."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஓவசியர் உத்தியோகத்தில் அப்படி ஒரு வேலை வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கடைத்தெருவில் முதல் தடை ஹனீபா நானாவின் பலசரக்குக் கடை. உருளைக்கிழங்கு மூட்டைகளும் மண்ணெண்ணெய்ப் பீப்பாயும் வீதியின் விளிம்புவரை வந்திருந்தன. சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, கடைக்குள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"என்ன ஓவசியர், என்ட கடைக்கு முன்னுக்குக் கோலம் போடுறீங்க?"

"நாலு அடி நடைபாதை, நானா. மூட்டையெல்லாம் உள்ளே போக வேணும்."

"மூட்டை உள்ளுக்குப் போனா நான் எங்க போறது? மேல ஏறித் தொங்கவா?"

"நீங்க தொங்க வேணாம். ஞாயித்துக்கிழமை தோட்டத்துச் சனம் எங்க நின்னு சாமான் வாங்குது?"

"வீதியிலதான். மழை வந்தா எதிர்க்கடை ஓட்டுக்குக் கீழ ஓடிருதுகள்."

"இந்த நாலு அடியைத் தாங்க. அதுக்கு மேல நீங்க ஒரு தகரம் இறக்குங்க. சனம் நனையாம உங்க கடைக்கு முன்னாலேயே நிக்கும்."

நானா கொஞ்ச நேரம் எதிர்க்கடையைப் பார்த்தார். பிறகு மூட்டையில் ஒன்றைத் தாமே காலால் உள்ளே தள்ளினார். மாதம் முடியுமுன் எதிர்க்கடைக்காரரும் தகரம் இறக்கினார். தெருவின் இரு பக்கமும் நூற்றிருபது அடிக்கு மழையில் நனையாமல் நடக்கலாம் என்ற நிலை வந்தபோது, நான் சும்மாவேனும் இரண்டு தடவை நடந்து பார்த்தேன்.

அடுத்தது கடவை. வெள்ளைக் கோடு போடுவது பார்ப்பதற்கு எளிது. எங்கள் மலையில் வீதி காய்வதே அபூர்வம். காய்ந்த மூன்று மணி நேரத்துக்காகப் பதினொரு நாள் காத்திருந்தோம். தும்புத்தடியால் கூட்டி, நூல் பிடித்து, சோக்கால் கட்டம் வரைந்து, அகலத் தூரிகையால் வண்ணம் இழுத்து, அது காயுமுன் சலித்த ஆற்றுமணலைத் தூவ வேண்டும். மணல் தூவாவிட்டால் ஈரத்தில் வழுக்கும். தோட்டத்து ஆட்கள் வெறுங்காலால் நடப்பவர்கள். இந்த மணல் விஷயம் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, நானாகச் செய்தது. இன்ஜினியர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கடவைமேல் நடந்து பார்த்தார். வலப்பக்கத்தில் பச்சைக் கோடு விழுந்தது.

இந்த வெற்றி கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. மடுவத்து வளைவுக்கு நான் போனது அந்தத் தலையோடுதான்.

அந்தத் தோட்டத்தின் பெயர் வேண்டாம். கடைத்தெருவிலிருந்து முக்கால் மைல். வீதிக்கு மேலே தேயிலை மலை. வீதிக்குக் கீழே கொழுந்து நிறுக்கும் மடுவம். பெண்கள் நாளைக்கு மூன்று தடவை நிறைந்த கூடையோடு மலையிலிருந்து இறங்கி, வீதியைக் கடந்து, மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். மண்ணில் வெட்டிய படிகள் நேராக வீதியின் விளிம்பில் வந்து முடியும். அந்தப் படியடியிலேயே கடவையைப் போட்டேன். நான் அங்கே நின்று வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஹட்டன் பக்கமிருந்து இறங்கும் வாகனம் நூற்றுத் தொண்ணூறு அடி தூரத்தில் வளைவைத் தாண்டும்போதே தெரிந்தது. கண்ணால் பார்த்ததோடு விடவில்லை, சங்கிலி பிடித்தும் அளந்தேன். போதுமான தூரம். "பார்வைத் தூரம் திருப்தி" என்று எழுதிப் போட்டேன்.

ஐந்தாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு மரக்கறி லொறி ஒன்று வளைவில் இறங்கியது. வரிசைக்கு முன்னால் வந்த பொன்னம்மா என்ற பெண் படியிலிருந்து நேராகக் கடவைக்குள் கால் வைத்தாள். லொறிக்காரர் பிரேக் போட்டும் வண்டி ஈரத்தில் சறுக்கிவிட்டது. லொறியின் பக்கப்பலகை கூடையில் மோதி அவளைக் கானுக்குள் தூக்கி எறிந்தது. அடியைக் கூடை வாங்கிக்கொண்டதால் உயிர் தப்பியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது.

தோட்டத்து ஆபீஸிலிருந்து நான்காம் நாளே கடிதம் வந்தது. வெள்ளைக் கோடுகள் தொழிலாளருக்கு வீண் துணிச்சலைக் கொடுக்கின்றன; கோடுகளை அழித்துவிட வேண்டும்; படிகளை முள்ளுக்கம்பியால் அடைத்து, அரை மைல் தள்ளியுள்ள பெரிய மதகின் கீழாகப் பெண்களை அனுப்பப் போகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அரை மைல் போய் அரை மைல் திரும்ப வேண்டும். நாளைக்கு மூன்று தடவை, போகும்போதெல்லாம் முதுகில் கூடை. அவர்கள் அப்படிப் போகமாட்டார்கள் என்று எனக்கே தெரியும். கம்பிக்கு அடியில் நுழைந்து, கோடே இல்லாத வீதியைத்தான் கடப்பார்கள்.

என் அறிக்கையில் நான் என்ன எழுதினேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பார்வைத் தூரம் 190 அடி. குறைபாடு இல்லை. கடந்தவர் வலப்பக்கம் பார்க்காததே காரணம்." அடுத்த வாரச் சனிக்கிழமை இன்ஜினியர் அதைப் படித்தார். கத்தியை எடுத்தார். பென்சிலைப் பாதிவரை சீவினார். பிறகு வலப்பக்கத்தில் எழுதியது ஒரே வரி: "ஏன் பார்க்கவில்லை என்று அவளைக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பதில் எழுத வேண்டும்," என்றார். "கோடு இருப்பதா அழிப்பதா என்று. உங்களிடம் ஆறு நாள் இருக்கிறது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு லயத்துக்குப் போனேன். பொன்னம்மா கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் செல்லாயி அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். விபத்து நடந்தபோது வரிசையில் இரண்டாவதாக வந்தவள் இந்தச் செல்லாயிதான்.

சுகம் விசாரித்தேன். பிறகு கேட்டேன். "நீங்க வலது பக்கம் திரும்பிப் பார்த்தீங்களா?"

பொன்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எதைக் கொண்டுங்க பாக்குறது?"

"கண்ணாலதான்."

"கண்ணு மூஞ்சியிலதானே இருக்கு ஐயா. மூஞ்சி திரும்பணுமில்ல?"

செல்லாயி சீப்பைக் கொண்டையில் செருகிவிட்டு எழுந்தாள். "அக்கா, நீ வாயால சொல்லி இவருக்கு வெளங்காது. ஐயாவுக்கு ஒரு கூடைய மாட்டிவிட்டாச் சரியாப் போகும்."

"சும்மா இருடி. ஆபீஸர் ஐயா."

"ஆபீஸர் ஐயாவுக்குத் தலை இல்லியா?"

நான் குடையைச் சுவரில் சாத்திவிட்டுக் கோட்டைக் கழற்றினேன். லயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். செல்லாயி கூடைக்குள் விறகுக் கட்டைகளைப் போட்டு, முப்பத்தெட்டு றாத்தல் கொழுந்துக்குச் சரியாக இருக்கும் என்று கையால் தூக்கிப் பார்த்துச் சொன்னாள். கம்பளியை மடித்து என் தலையில் போட்டு, கூடையின் கயிற்றை உச்சிக்கு முன்னால் மாட்டினாள். கூடை முதுகில் இறங்கியதும் கயிறு தலையைப் பின்னுக்கு இழுத்தது. விழாமல் இருக்கக் குனிந்தேன்.

"இப்பப் பாருங்க வலது பக்கம்."

கழுத்து திரும்பவில்லை. திருப்பினால் கயிறு நழுவுகிறது, கூடை சரிகிறது. கம்பளி இரு பக்கமும் கண்ணை மறைத்தது, காதையும் பாதி மூடியது. என் கால் விரல்களும், அவற்றுக்கு முன்னால் ஒன்பது பத்தடி நிலமும் தெரிந்தன. வலது பக்கம் பார்க்க வேண்டுமானால் உடம்பு முழுவதும் திரும்ப வேண்டும். திரும்பினேன். கூடை பின்னால் நின்ற ஒரு கிழவரின் மேல் இடித்தது.

"லொறி போயிருச்சு ஐயா!" என்று செல்லாயி கத்தினாள். லயமே சிரித்தது. பொன்னம்மா சிரிக்கப் போய், தோள் வலித்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்கடி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று உள்ளே பாய்ந்தது. நூற்றுத் தொண்ணூறு அடி என்பது என் தலைக்கு இருந்த தூரம். இவர்களுக்கு அது ஒன்பது அடி. நான் வெறுந்தலையோடு நின்று அளந்துவிட்டு, இவள் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். கூடையைக் கழற்றாமலே லயத்து வாசலில் மேலும் கீழும் நடந்தேன். தலை திரும்பாது, சரி. உடம்பு எந்தப் பக்கம் நடக்கிறதோ அந்தப் பக்கம் தெரியும். அப்படியானால் வாகனம் வரும் பக்கமாகவே இவர்களை நடக்க வைத்தால் என்ன?

"படியிலேருந்து இறங்கினதும் நேரா வீதிக்குள்ள போகாம, வலது பக்கம் வீதியோரமாவே முப்பது அடி நடக்கிற மாதிரிப் பாதை இருந்தா, எதிர வர்ற லொறி தெரியுமா?" என்று கேட்டேன்.

பொன்னம்மா யோசித்தாள். அவள் உட்கார்ந்தபடியே கழுத்தை முன்னால் நீட்டி, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். கூடை இருப்பதாக நினைத்துக்கொண்டு பார்க்கிறாள் என்று புரிந்தது.

"தெரியும். கண்ணை மேல தூக்கினாத் தெரியும். ஆனா நடுவுல ஒரு கம்பி இருக்கணும். இல்லாட்டி பின்னால வர்றவ குறுக்கால பூந்துருவா. நிறுவைக்கு முந்தணுமில்ல."

"யாரைச் சொல்ற?" என்றாள் செல்லாயி.

"உன்னயத்தான்டி."

திங்கள் முதல் புதன் வரை முளைக்குச்சியும் நூலும் கொண்டு மண்ணில் பாதை பிடித்தேன். படியடியிலிருந்து வளைவை நோக்கி முப்பது அடி, நாலடி அகலம், வீதிப்பக்கம் கம்பித் தடுப்பு. அதன் முடிவில் திறப்பு, அங்கே புதிய கடவை. திரும்பி வரும்போது கூடை வெறுமை, தலை தாராளமாகத் திரும்பும். ஆகவே மடுவத்துப் பக்கம் எதுவும் வேண்டியதில்லை. பஸ் தரிப்பையும் மாற்றினேன். இறங்கும் பஸ் அதுவரை கடவைக்கு முன்னால் நின்று பின்வரும் வாகனத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அதைக் கடவைக்குக் கீழே அறுபது அடி தள்ளினேன்.

இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்ததும் பலவீனமான இடத்தில் விரலை வைத்தார். "வளைவுக்கு முப்பது அடி கிட்டப் போகிறீர்கள். நூற்றுத் தொண்ணூறு, நூற்று அறுபது ஆகிறது."

"பார்க்க முடியாத நூற்றுத் தொண்ணூறைவிடப் பார்க்க முடிகிற நூற்று அறுபது நல்லது, சேர். வளைவின் உட்பக்கம் பார்வையை மறைக்கும் பதினொரு தேயிலைச் செடியைத் தோட்டம் வெட்டிக்கொடுத்தால், இழந்த முப்பது அடியும் திரும்பக் கிடைக்கும்."

கத்தி வெளியே வரவில்லை. "வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு," என்றார். "ஜீப்பை நான் ஓட்டுகிறேன்."

வெள்ளிக்கிழமை தூறல். நூல் கட்டிய பாதையில் செல்லாயி முன்னால், அவளுக்குப் பின்னால் பதினான்கு பேர், எல்லோர் முதுகிலும் நிறைந்த கூடை. பொன்னம்மா தூளியோடு மடுவத்துப் பக்கம் வந்து நின்றாள். தோட்டத்துத் துரையும் காரிலிருந்து இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைக்குட்டையை அசைத்தேன். ஜீப் வளைவைத் தாண்டி இறங்கியது.

செல்லாயி கண்ணை உயர்த்தினாள். நின்றாள். அவ்வளவு அழகாக நின்றாள். ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு முன்னிருப்பவளின் கூடை மட்டுமே தெரியும்; இரண்டாமவள் இடித்தாள், மூன்றாமவள் இடித்தாள், படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் வழுக்கினார்கள். ஒரு கூடை கவிழ்ந்து கொழுந்து கானில் போயிற்று.

"ஏய், எந்தச் சனியன்டி தள்ளுறது?" என்று செல்லாயி திரும்ப முடியாமல் முன்னால் பார்த்தே திட்டினாள்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோடு அழிந்ததென்றே நினைத்தேன். அப்போது எதிர்ப்பக்கமிருந்து பொன்னம்மா சத்தம் போட்டாள்.

"ஐயா! பதினஞ்சு பேரு நிக்க அங்க எடமில்ல! கூடையோட ஆளுக்கு மூணு அடி வேணும்! நாங்க கூடைக்குப் பின்னாலதான் நிப்போம், தோளோட தோள் நிக்க மாட்டோம்!"

ஆளுக்கு மூன்றடி. பதினைந்து பேருக்கு நாற்பத்தைந்து. நான் முப்பது அடியில் அவர்களை நிறுத்தப் பார்த்தேன்! படியடியைப் பின்னுக்கு நகர்த்துவதுதான் ஒரே வழி. முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது. படியின் கடைசிப் பகுதியைப் பக்கவாட்டில் திருப்பி, பதினைந்து அடி பின்னால் இறங்கும்படி நூலை மாற்றிக் கட்டினேன். வேலையாட்கள் மண்வெட்டியால் கால் வைக்குமளவுக்கு வெட்டிக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு நிமிடம். இன்ஜினியர் மழையில் நனைந்தபடி ஜீப்பில் காத்திருந்தார். பெண்கள் கூடையை இறக்காமல் காத்திருந்தார்கள்.

மறுபடி கைக்குட்டை. ஜீப் இறங்கியது. செல்லாயி நின்றாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக, மூன்றடி மூன்றடி விட்டு, பதினைந்து கூடைகளும் நின்றன. ஜீப்பும் நின்றது. ஒருவரும் இடிக்கவில்லை.

துரை ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். இன்ஜினியர் என் அறிக்கைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நனைந்த வலப்பக்கத்தில் பச்சையில் எழுதினார்: "கோடு இருக்கும். பாதை கட்டப்படும். பதினொரு செடிகள்." துரையிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினார். துரை தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஏழு வாரத்தில் பாதை முடிந்தது. பழைய கோடுகளை அழித்துப் புதியவற்றைப் போட்டு, ஆற்றுமணல் தூவினோம். அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை பொன்னம்மா வேலைக்குத் திரும்புவதாகக் கேள்விப்பட்டு, பதினொன்றரைக்கே மடுவத்துப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

படியில் அவள்தான் முன்னால் இறங்கினாள். கூடை நிறைந்திருந்தது. கம்பித் தடுப்போரம் வளைவை நோக்கி நடந்து வந்தாள். சரியாக அந்நேரம் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்று வளைவில் தலை நீட்டியது. பொன்னம்மாவின் கண் மட்டும் உயர்ந்தது. திறப்பில் நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. லொறி வேகம் குறைந்து, கடவைக்கு முன் நின்றது. சாரதி கையைக் காட்டினார். அவள் வெள்ளைக் கோட்டில் கால் வைத்தாள். அவசரமில்லாமல், குனிந்த தலையோடு, ஒவ்வொரு கோடாகத் தாண்டி என்னை நோக்கி வந்தாள்.

ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன். அவள் கடைசிக் கோட்டில் நின்று, என் சப்பாத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. வழிய மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

ஒதுங்கி நின்றேன். பதினைந்து பேரும் என்னைக் கடந்து மடுவத்துக்குப் போனார்கள்.